ஏழாவது தோல்வி

பெய்ஜிங் டென்னிஸ் இறுதி ஆட்டத்தில் இத்தாலிக்காரன் சின்னர் தோற்றபோது கருத்தக்கண்ணன் கைதட்டினார். காந்தி ஜெயந்தி அன்று மாலை. கைபேசியைத் தண்ணீர்ச் செம்பில் சாய்த்து வைத்து, பாயில் சம்மணமிட்டு, மூன்று மணி நேரத்துக்கும் மேலாகப் பார்த்துக்கொண்டிருந்தார். கடைசி செட்டும் ஏழு புள்ளியில் முடிகிற டைபிரேக்கருக்குப் போய், அதில் சின்னர் மூன்று புள்ளி முன்னால் நின்றதைப் பார்த்ததும், இனி ஒன்றுமில்லை என்று எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டார். காலையில் வடித்த சோற்றில் தண்ணீர் ஊற்றி மூடிவிட்டு வந்தால், அந்த ஸ்பெயின்காரப் பையன் விளாசிக்கொண்டிருந்தான். வரிசையாக ஏழு புள்ளிகள், நடுவில் ஒன்றைக்கூட விட்டுக்கொடுக்கவில்லை. ஆட்டம் முடிந்தது. தன்னையறியாமல் தட்டிய கைகளின் சத்தம் ஆளில்லாத வீட்டில் அவருக்கே அந்நியமாகக் கேட்டது.

பக்கத்து வீட்டு மருமகள் சுவருக்கு மேலே தலையை நீட்டினாள். "என்ன பெரியப்பா, யாரும் வந்துருக்காகளா?"

"இல்லத்தா. கொசு."

சின்னமனூரில் டென்னிஸ் பார்க்கிறவர்கள் இரண்டே பேர். அவர்களில் வேல்பாண்டி ஆகஸ்டு மாதக் கடைசியில் போய்ச் சேர்ந்துவிட்டார். மெயின் ரோட்டில் உரக்கடை வைத்திருந்தவர். மிச்சம் இருப்பவர் மின்வாரியத்தில் கணக்குப் பிரிவில் இருந்து ஓய்வுபெற்ற கருத்தக்கண்ணன். டென்னிஸ் மட்டையைக் கையில் பிடித்த அனுபவம் இரண்டு பேருக்குமே கிடையாது. உத்தமபாளையத்தில் கல்லூரியில் படித்தபோது, நூலகத்தில் பேப்பரைப் புரட்டிக்கொண்டிருந்த வேல்பாண்டி, விளையாட்டுப் பக்கத்தின் மூலையில் இருந்த ஒரு சின்னச் செய்தியை விரலால் குத்திக் காட்டினார். விஜய் அமிர்தராஜ் சின்சினாட்டியில் முதல் சுற்றிலேயே மெக்கன்ரோவைத் தோற்கடித்துவிட்டார். 1984. அந்த வருடம் முழுவதும் மெக்கன்ரோ ஜெயித்தது எண்பத்திரண்டு ஆட்டம், தோற்றது மூன்றே மூன்று. ஆண்கள் டென்னிஸில் அப்படி ஒரு வருடம் அதற்குப் பிறகு யாருக்கும் அமையவில்லை. அந்த மூன்றில் ஒன்று நம்ம மெட்ராஸ்காரர் கொடுத்தது என்பதை வேல்பாண்டி, யூரியா வாங்க வருகிறவர்களிடமெல்லாம் நாற்பது வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். கேட்டவர்கள் தலையாட்டிவிட்டு, மூட்டையில் எடை சரியாக இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டார்கள்.

கருத்தக்கண்ணனுக்கு மகன் பிறந்தபோது விஜய்பாண்டி என்று பெயர் வைத்ததும் வேல்பாண்டிதான். முன்பாதி அமிர்தராஜிடமிருந்து, பின்பாதி தன்னிடமிருந்து. வேல்பாண்டிக்கும் அவர் மனைவி ஜோதிலட்சுமிக்கும் பிள்ளை இல்லை. சினிமா நடிகரின் பெயரை வைத்திருக்கிறார்கள் என்று பிற்காலத்தில் ஊரே நினைத்துக்கொண்டது. வேல்பாண்டி ஒவ்வொருவரிடமும் அதை மறுத்துப் பார்த்து, கடைசியில் அலுத்துப்போய் விட்டுவிட்டார்.

இருவருக்கும் வருடந்தோறும் ஒரு பந்தயம் உண்டு. ஆஸ்திரேலிய ஓப்பன் முடிந்த கையோடு, அந்த வருடம் கொடி கட்டப் போகிறவன் யார் என்று பேசி முடிவு செய்வார்கள். அவன் எத்தனை ஆட்டம் ஜெயிப்பான் என்பதைப் பற்றிப் பேச்சே இல்லை. ஜெயிக்கிறவன் ஜெயித்துக்கொண்டேதான் இருப்பான். எத்தனை தடவை தோற்பான் என்று சொல்லத்தான் ஆட்டம் தெரிந்திருக்க வேண்டும் என்பது வேல்பாண்டியின் கட்சி. பந்தயத்தில் பணம் கிடையாது. தோற்றவர் மற்றவர் சொல்வதைச் செய்ய வேண்டும். 2006இல் ஃபெடரர் தொண்ணூற்றிரண்டு ஆட்டம் ஜெயித்து ஐந்தே தோல்வியோடு நிறுத்திக்கொண்டபோது, பந்தயத்தில் தோற்ற வேல்பாண்டி மீசையை மழித்துவிட்டு வந்து கடையில் உட்கார்ந்தார். வந்த விவசாயிகள் எல்லாரும் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுக் கிட்டே வந்து, வீட்டில் யாருக்கு என்ன ஆச்சு என்று துக்கம் விசாரித்தார்கள்.

இந்த வருடப் பந்தயம் அப்படிச் சிரிக்கிற மாதிரியானது இல்லை.

கருத்தக்கண்ணனின் மனைவி பஞ்சம்மாள் இறந்தது கொரோனாவின் இரண்டாவது அலையில், ஊரடங்குக் காலத்தில். காரணம் கொரோனா இல்லை, மாரடைப்பு. ஆனால் அந்த மே மாதத்தில் யார் எதில் செத்தாலும் தெரு ஒரே மாதிரித்தான் பார்த்தது. விஜய்பாண்டி ஓசூரில் ஒரு கம்பெனியில் வேலையில் இருந்தான். மாவட்டம் தாண்டப் பதிவு வேண்டும். அது கிடைத்து மோட்டார் சைக்கிளில் கிளம்பி, கரூர் தாண்டியதும் கூப்பிட்டான். "மூணு மணி நேரம்ப்பா. வந்துர்றேன்." இங்கே தெருக்காரர்கள் வாசலுக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு, எப்ப எடுக்கிறீக, எப்ப எடுக்கிறீக என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள். வாகனக்காரன் இப்போது விட்டால் இனி வர முடியாது என்றான். கருத்தக்கண்ணன் எடுக்கச் சொல்லிவிட்டார். விஜய்பாண்டி சுடுகாட்டுக்கு நேராக வந்து சேர்ந்தபோது நெருப்புதான் இருந்தது. தலைக்கவசத்தைக்கூடக் கழற்றாமல் அதையே பார்த்துக்கொண்டு நின்றான். "மூணு மணி நேரம்தான கேட்டேன்" என்றான். சடங்குகள் முடிந்ததும் போனவன், பிறகு வீட்டுக்கு வரவில்லை. அடுத்த வருடம் அவனுக்குப் பெண் குழந்தை பிறந்த செய்தியும் வேல்பாண்டி வழியாகத்தான் வந்தது. அபிதா என்று பெயர். கோபித்துக்கொண்டு போனவன் அவன், அவன்தான் வரவேண்டும் என்றார் கருத்தக்கண்ணன். வேல்பாண்டி வாரத்தில் ஒரு நாள் தன் கைபேசியைத் திருப்பி, அந்தப் பிள்ளை நடப்பதையும் விழுவதையும் காட்டுவார். கருத்தக்கண்ணன் பார்க்காதவர் மாதிரி பார்ப்பார். பார்த்து முடித்ததும் வேல்பாண்டி ஆரம்பிப்பார். ஒரு எட்டுப் போயிட்டு வா. தோத்தாப் போயிருவ? ஒவ்வொரு தடவையும் அதே பேச்சு, ஒவ்வொரு தடவையும் இவர் எழுந்து போய்விடுவார்.

ஜனவரியில், ஆஸ்திரேலிய இறுதி ஆட்டத்தன்று ஞாயிற்றுக்கிழமை. கடைக்குப் பின்னறையில், டிஏபி உர மூட்டைகளுக்கு நடுவே, பூச்சிமருந்து நெடியில் உட்கார்ந்து பார்த்தார்கள். சின்னர் முதல் இரண்டு செட்டையும் விட்டுவிட்டு, அதற்குப் பிறகு மூன்றையும் எடுத்தான். வேல்பாண்டி அவனைச் சின்னவரு என்றுதான் சொல்லுவார், ஏதோ பங்காளி வீட்டுப் பையன் மாதிரி.

"ஏலே கருத்தா, சொல்லு. சின்னவரு இந்த வருசம் எத்தன தோப்பாரு?"

"ஆறு. அதத் தாண்டாது."

"ஆறா? ஜோகோவிச்சு உச்சத்துல இருந்த வருசமே ஆறுடா. இவன் நேத்து வந்த பய. ஏழாவது கண்டிப்பா உண்டு."

"அப்ப பந்தயம் என்ன?"

வேல்பாண்டி டிவியை அணைத்தார். கொஞ்ச நேரம் ரிமோட்டின் பின்மூடியைக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தார். "ஏழாவது தோல்வி வந்துச்சுன்னா நீ ஓசூருக்குப் போகணும். விஜி வீட்டுல ரெண்டு நாளாவது தங்கணும். ஆறோட நின்னுச்சுன்னா, செத்தாலும் இந்தப் பேச்ச நான் எடுக்க மாட்டேன்."

"செத்த பெறகு எப்பிடிரா எடுப்ப?"

"வாயக் கழுவு. ஒத்துக்கிறயா இல்லையா?"

கருத்தக்கண்ணன் ஒத்துக்கொண்டார். அந்தப் பையன் ஆறுக்கு மேல் தோற்க மாட்டான் என்று உண்மையிலேயே நம்பினார். வருடக் கடைசியில் இந்த நச்சரிப்பிலிருந்து விடுதலை கிடைக்கும் என்று அவருக்கு நிம்மதியாகக்கூட இருந்தது.

மே மாதத் தொடக்கத்தில், வெயில் கடைத் தகரத்தைக் காய்ச்சிக்கொண்டிருந்த ஒரு மத்தியானம், மாட்ரிட்டிலிருந்து செய்தி வந்தது. சின்னருக்கு இடுப்பில் வலி. காலிறுதியில் ஆடவில்லை என்று விலகிக்கொண்டான். அதுவரை அவன் தோற்றது இரண்டு.

"என்ன மாப்ள, மூணுன்னு ஏத்திக்கிட்டியா?" என்றார் கருத்தக்கண்ணன்.

"எதுக்கு ஏத்தணும்? ஆட வராதவன் தோத்தவன் இல்ல. களத்துக்குள்ள எறங்கி, பாதியில கைய விரிச்சான்னாத்தான் தோல்வி. வரவே இல்லேன்னா ரெண்டு பேருக்கும் ஒண்ணும் கெடையாது. அந்தக் கனடாக்காரன் அடுத்த சுத்துக்குப் போவான், போகட்டும். ஆனா செயிச்சேன்னு சொல்லிக்கிற முடியாது."

"சேத்துக்கிட்டா உனக்குத்தான லாபம்?"

"லாபத்துக்காகக் கணக்க மாத்துனா அதுக்குப் பேரு உரக்கடை. இது டென்னிசு."

கருத்தக்கண்ணன் சிரித்தார். பிறகு, வரவே இல்லேன்னா என்றது தன்னையும்தானோ என்று உறைத்து, சிரிப்பு நின்றுபோய், எதிரே அலமாரியில் இருந்த பூச்சிமருந்து டப்பாவின் பின்பக்கத்தில் எழுதியிருந்ததை முழுவதும் படித்தார்.

பாரிஸில் மூன்று, விம்பிள்டனில் நான்கு, மான்ட்ரியலில் ஐந்து. ஒவ்வொன்றுக்கும் வேல்பாண்டி கடைக்கு வந்தவர்களுக்கெல்லாம் டீ வாங்கிக் கொடுத்தார். "இன்னும் ரெண்டே ரெண்டுதான் கருத்தா. துணிமணியெல்லாம் துவச்சு வச்சுக்க. ஓசூரு குளுரும்" என்று சொல்லிக்கொண்டு திரிந்தார். அமெரிக்க ஓப்பன் தொடங்கிய வாரத்தில் கல்லாவில் உட்கார்ந்திருந்தவர் அப்படியே மேசைமேல் சாய்ந்துவிட்டார். தேனி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய், விடிவதற்கு முன் திரும்பக் கொண்டுவந்தார்கள்.

அன்றைக்கு சாமியானாவுக்குக் கீழே ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் கருத்தக்கண்ணன் உட்கார்ந்திருந்தார். பிற்பகலில் சொந்தக்காரர்கள் ஜோதிலட்சுமியிடம் வந்து நின்றார்கள். "ஆத்தா, பொழுது சாயுது. ஓசூருக்காரன் வர்ற வரைக்கும் போட்டு வச்சிருக்க முடியுமா?"

அவள் அழுகையை நிறுத்திவிட்டு நிமிர்ந்தாள். "முடியும். ஐஸ் பொட்டி எதுக்கு வந்துருக்கு? விஜி வந்து மொகத்தப் பாக்காம யாரும் தூக்கக் கூடாது."

சொந்தக்காரர்கள் திரும்பிப் போய் நாற்காலிகளில் உட்கார்ந்தார்கள். காத்திருந்தார்கள். அவ்வளவுதான். கருத்தக்கண்ணனுக்கு அது முடிகிற காரியமாக இருந்ததுதான் தாங்கவில்லை. அந்த மே மாதத்தில் ஐஸ் பெட்டி தர ஆளில்லை, வாசலில் நின்றவர்கள் சொந்தக்காரர்கள் இல்லை, எல்லாம் வேறு என்று அவருக்குத் தெரியும். இருந்தாலும் அப்படி ஒரு வாக்கியத்தை அவர் அன்றைக்குச் சொல்லிப் பார்க்கவில்லை. சாயங்காலம் விஜய்பாண்டி வந்தான். மாமா என்று ஒரே ஒரு தடவை கூப்பிட்டு, பெட்டியின் கண்ணாடிமேல் நெற்றியை வைத்துக்கொண்டான். சுடுகாட்டில் அப்பாவும் மகனும் ஒரு கை நீளத்தில் நின்றார்கள். ஊருக்குக் கிளம்பும்போது அவன் இவர் இருந்த பக்கமாக வந்து, எங்கோ பார்த்துக்கொண்டு, "மருந்து ஒழுங்காச் சாப்பிடுறீங்களா?" என்று கேட்டான்.

"ம்" என்றார் கருத்தக்கண்ணன்.

அந்த 'ம்' அவரோடேயே வீட்டுக்கு வந்தது. அதற்குப் பிறகு வந்த நாட்களில் பல் விளக்கும்போதும் கீரை ஆயும்போதும் அதற்குப் பதிலாகச் சொல்லியிருக்கக்கூடியவற்றை ஒவ்வொன்றாகச் சொல்லிப் பார்த்தார். நீ எப்படி இருக்க? பஸ்ஸா, வண்டியிலயா? சின்னப்பிள்ளைக்குச் சளி விட்டுருச்சா? சளி பிடித்திருந்தது அவருக்குத் தெரியும். கடைசியாக வேல்பாண்டி காட்டிய படத்தில் மூக்கு ஒழுகிக்கொண்டிருந்தது. இப்போது அந்தக் கைபேசி ஜோதிலட்சுமியிடம் இருந்தது. அதைக் காட்டு என்று அவளிடம் போய்க் கேட்க அவருக்கு வாய் வரவில்லை. போ போ என்று சொல்ல ஆளிருந்தவரை போகாமல் இருப்பதற்கு ஒரு காரணம் இருந்தது. இப்போது யாரும் சொல்லவில்லை; சும்மா போகாமல் இருந்தார். தானாகக் கிளம்பிப் போய் அந்த வாசலில் நின்றால், எதற்கு வந்தீர்கள் என்று கேட்டால் சொல்வதற்கு ஒன்றுமில்லை. பந்தயத்தில் தோற்றுவிட்டேன், உங்க மாமா அனுப்பினான் என்று சொல்லலாம். அதற்கு ஏழாவது தோல்வி வேண்டும்.

அதனால்தான் பெய்ஜிங்கில் ஆறாவது விழுந்தபோது கைதட்டினார்.

இன்னும் ஒன்று. வருடம் முடிய இரண்டு மாதம் இருக்கிறது. ஆனால் ஷாங்காயில் சின்னர் கடைசிவரை ஜெயித்தான், ஜோகோவிச்சையும் சேர்த்து. அடுத்து பாரிஸிலேயே நடந்த இன்னொரு போட்டிக்கு வயிறு சரியில்லை என்று வரவே இல்லை. துரினில் வருடக் கடைசிப் போட்டி தொடங்கியது. அதில் முதல் சுற்றுகளில் ஒரு ஆட்டம் தோற்றாலும் வெளியே போய்விட மாட்டார்கள். ஒன்று தோற்றுவிட்டு மிச்சத்தை ஜெயித்துக்கொள்ளலாமே என்று கருத்தக்கண்ணன் அவனிடம் மனசுக்குள் பேரம் பேசினார். அவன் ஒரு செட்டைக்கூட விடவில்லை. அரையிறுதி நாள் சனிக்கிழமை. கருத்தக்கண்ணன் குச்சனூருக்குப் போய், சனீஸ்வரன் சந்நிதியில் எள் தீபம் ஏற்றினார். அர்ச்சனைத் தட்டை வாங்கிய அர்ச்சகர், "யாரு பேருக்கு? ராசி, நட்சத்திரம்?" என்றார். கருத்தக்கண்ணன் திகைத்துப்போனார். யாருக்குச் சனி பிடிக்க வேண்டுமோ அவன் ராசி தெரியாது. அவன் இத்தாலியில் மலையடிவாரத்தில் பிறந்தவன் என்பது மட்டும்தான் தெரியும். "சாமி பேருக்கே பண்ணிருங்க" என்றார். வெளியே வந்து ஆற்றங்கரைப் படியில் உட்கார்ந்ததும், வேல்பாண்டி இருந்திருந்தால் இதைச் சொல்லிச் சொல்லி ஒரு வருடம் சிரித்திருப்பான் என்று தோன்றியது. சொல்ல ஆளில்லாததால் அது வேடிக்கையாகவும் இல்லை. அன்றும் மறுநாளும் சின்னர் ஜெயித்தான்.

கடைசியாக மலகாவில், நாட்டுக்கு நாடு மோதும் டேவிஸ் கோப்பை. அதோடு வருடம் முடிகிறது. இறுதி ஆட்டத்தன்று கருத்தக்கண்ணன் பார்க்கவில்லை. சாப்பிட்டுக் கைபேசியை அணைத்து, பஞ்சம்மாளின் படத்துக்குக் கீழே வைத்துவிட்டுப் படுத்துக்கொண்டார். திங்கட்கிழமை காலையில் மழை தூறிக்கொண்டிருந்தது. மேகமலைப் பக்கம் ஒன்றும் தெரியவில்லை. டீயைக் குடித்து முடித்துவிட்டுத்தான் கைபேசியைத் திறந்தார். இத்தாலிக்குக் கோப்பை. எழுபத்து மூன்று வெற்றி, ஆறு தோல்வி. ஜனவரியில் டிஏபி மூட்டைமேல் உட்கார்ந்து அவர் சொன்ன அதே எண்.

ஜெயித்துவிட்டார். செத்தாலும் இந்தப் பேச்சை எடுக்க மாட்டேன் என்று சொன்னவன் சொன்னபடியே நடந்துகொண்டிருக்கிறான். இனி யாரும் அவரை எங்கேயும் போகச் சொல்ல மாட்டார்கள். அவர் டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தார். மாட்ரிட்டைச் சேர்த்தால் ஏழு என்று அப்போது தோன்றியது. தோன்றிய வேகத்தில், லாபத்துக்காகக் கணக்கை மாத்துனா என்று அந்தக் குரலும் கேட்டது. அது அவன் வகுத்த விதி. வளைத்தால் தனக்கே லாபம் என்று இருந்தபோதும் அவன் அதை வளைக்கவில்லை. அவனை ஜெயிக்கவைக்க அவன் விதியை உடைப்பதா? கருத்தக்கண்ணன் குடையை எடுத்துக்கொண்டு கிளம்பினார். எங்கே போகிறோம் என்று முடிவு செய்துகொள்ளாமலேயே மெயின் ரோட்டில் உரக்கடை முன்னால் வந்து நின்றார்.

கடையை இப்போது ஜோதிலட்சுமிதான் திறக்கிறாள். நடவு முடிந்த வயல்களுக்கு மழை விழுந்திருந்ததால் காலையிலேயே கூட்டம்.

"அக்கா, நாலு மூட்டையாப் போட்டு விடு."

"ரெண்டுதான். நீ நாலத் தூக்கிட்டுப் போயிட்டா பின்னால நிக்கிறவுக வயலுக்கு என்னத்தப் போடுவாக, விபூதியவா?"

நின்றவர்கள் சிரித்தார்கள். கூட்டம் கரைந்தபிறகு அவள் இவரைப் பார்த்தாள். "வாங்கண்ணே. அந்த ஸ்டூல்ல ஒக்காருங்க, நனைஞ்சுருக்கீக. என்ன, வருசம் முடிஞ்சிருச்சா?"

"எந்த வருசம்?"

"ஆமா, எனக்குத் தெரியாது பாருங்க. சோத்துல கைய வச்சதுமே அந்தப் பேச்சுத்தான அவுகளுக்கு. யாரு செயிச்சா?"

பந்தயம் அவளுக்குத் தெரியும் என்று அவர் நினைத்திருக்கவில்லை. வாயைத் திறந்தார். எதைச் சொல்லப் போகிறார் என்பது சொன்ன பிறகுதான் அவருக்குத் தெரிந்தது.

"வேல்பாண்டிதான்."

"அவுகளா?" அவள் கை சாக்குத் தைக்கிற ஊசியோடு அப்படியே நின்றது. "ஏழு வந்துருச்சா?"

"வந்துருச்சு."

ஜோதிலட்சுமி ஊசியை வைத்துவிட்டு முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். மூன்று மாதமாகச் சாவு முகமாகவே இருந்த முகம், ஒரு நொடி, புருஷன் ஜெயித்த செய்தி கேட்ட பெண்ணின் முகமாக மாறியது. கருத்தக்கண்ணன் குடைக் காம்பிலிருந்து வடிகிற தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் கல்லாப் பெட்டியை இழுத்து மூடினாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்.

"அந்த மாட்ரிட்டச் சேத்துக்கிட்டீகளா?"

அவர் நிமிர்ந்தார்.

"ஒரு வாரம் அதத்தான் சொல்லிக்கிட்டுக் கெடந்தாக. அதச் சேத்தா கருத்தனச் சீக்கிரம் அனுப்பிரலாம் ஜோதி, ஆனா சேக்கக் கூடாதும்பாக. ராத்திரி தூக்கத்துல பொரண்டு படுத்துக்கிட்டுச் சொல்லுவாக. எனக்கு எரிச்சலா வரும்."

"சேக்கக் கூடாதுதான் ஜோதி. ஆட வராதவன் தோத்தவன் இல்ல."

"சேத்துக்கிருங்க."

"தப்பு."

"தப்புன்னா எங்கிட்ட வந்து எதுக்குப் பொய் சொன்னீக?"

ரோட்டில் ஒரு வாழைத்தார் லாரி தண்ணீரை வாரி அடித்துக்கொண்டு போனது.

"அவுக இல்ல," என்றாள். "இருந்தா சண்ட போட்டுருப்பாக. இனிமே நீங்களும் நானும் சொல்றதுதான் கணக்கு. நான் சொல்றேன், ஏழு." மறுபடி ஊசியை எடுத்துக்கொண்டாள். "எப்ப கெளம்புறீக?"

"பாக்கலாம்."

"என்னத்தப் பாக்கலாம்? நாளைக்குக் காலைல தேனில இருந்து பஸ் இருக்கு. பஸ் ஸ்டாண்டுல எறங்கி ஆட்டோக்காரன்ட்ட ராயக்கோட்டை ரோட்டுல தண்ணி டேங்குக்கு எதுத்தாப்புல உள்ள பிளாட்டுன்னு சொன்னாக் கொண்டுபோய் விட்டுருவான். நானும் அவுகளும் அப்பிடித்தான் போனோம், பிள்ளைக்குக் காது குத்துனப்ப. போன் பண்ணிச் சொல்லி வைக்கவா?"

"வேணாம். சொல்லாத."

"சரி, சொல்லல. ஆனா பிளாட்டு வாசக் கேட்டு வரைக்கும் போயிட்டுத் திரும்பி வந்துறாதீக அண்ணே. அது கணக்குல சேராது."

அவர் போனார். ஜன்னலோர இருக்கையில் பையை மடியில் வைத்துக்கொண்டு, தேவதானப்பட்டி தாண்டும்வரை இறங்கிவிடலாமா என்று யோசித்தார். திண்டுக்கல்லில் பஸ் நின்றபோது நிஜமாகவே எழுந்து நின்றார். பக்கத்தில் இருந்தவர் வழிவிடுவதற்காகக் காலை மடக்க, இல்லை இல்லை என்று உட்கார்ந்துகொண்டார். கரூர் பைபாஸில் வெயில் சுள்ளென்று அடித்தது. இந்த இடத்தில்தான் எங்கோ வண்டியை ஓரங்கட்டி அவன் போன் செய்திருப்பான். மூணு மணி நேரம்ப்பா. எந்த மரத்தடி என்று தெரியாமல் கருத்தக்கண்ணன் எல்லா மரங்களையும் பார்த்துக்கொண்டே வந்தார்.

ஓசூரில் இறங்கும்போது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. நிஜமாகவே குளிர்ந்தது. தண்ணீர் டேங்குக்கு எதிரே பெரிய இரும்புக் கேட்டும் ஒரு காவலாளியும் இருந்தார்கள். உள்ளே பிள்ளைகள் சத்தம் போட்டுக்கொண்டு ஓடினார்கள். அதில் ரொம்பச் சின்னப் பிள்ளை எதுவும் இல்லை.

"யாரப் பாக்கணும் சார்?"

"விஜய்பாண்டி. தேனிப் பக்கம். கம்பெனில வேல பாக்குறாரு."

"நீங்க யாருன்னு சொல்றது?"

கருத்தக்கண்ணன் பையைக் கை மாற்றிக்கொண்டு சொன்னார். காவலாளி சுவரிலிருந்த போனை எடுத்து எண்ணை அழுத்தி, அந்தப் பக்கம் யாரோ எடுத்ததும், "சார், கேட்ல உங்க அப்பா வந்திருக்காரு" என்றான். பிறகு ரிசீவரைக் காதில் வைத்துக்கொண்டே நின்றான். "லைன்லதான் இருக்காங்க" என்று இவரிடம் மெதுவாகச் சொன்னான்.

கருத்தக்கண்ணன் அண்ணாந்து பார்த்தார். நான்கு மாடி. மாடிக்கு மாடி ஒரே மாதிரி பால்கனிகள், காயப்போட்ட துணிகள், தொட்டிச் செடிகள். ஒவ்வொன்றாக விளக்குகள் எரியத் தொடங்கியிருந்தன. அவற்றில் எது மகன் வீடு என்று அவருக்குத் தெரியாது. இரண்டாவது மாடியில் ஒரு கதவு திறந்தது. யாரோ துணியை எடுத்துக்கொண்டு உள்ளே போனார்கள். மூன்றாவது மாடியில், மூலையில், இன்னொரு கதவு திறந்து, வெளிச்சத்துக்கு முன்னால் ஒரு உருவம் வந்து கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றது. இடுப்பில் ஏதோ இருந்தது, குழந்தையா துணி மூட்டையா தெரியவில்லை. அவர் கண்ணாடியைக் கழற்றி, பஸ் புழுதி போகச் சட்டை நுனியில் நன்றாகத் துடைத்து, மறுபடியும் போட்டுக்கொண்டார்.